அவர் செத்திருந்தால் நம்பியிருப்பீர்களா?

என் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பதையே எங்களுக்கு எதிரான சாட்சியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தின் இரண்டாவது பத்தி சொல்வது இதுதான்: வண்டிக்குள் இருந்த ஓட்டுநருக்குக் காயம் எதுவும் இல்லை; ஆகவே வண்டியை மின்னல் தாக்கியதாக ஏற்க முடியவில்லை. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. வாசித்துச் சொல்லிக்கொண்டு வந்த என் மகள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒரு மனுஷன் பிழைத்து வந்தது குற்றமா? அவர் கருகிக் கிடந்திருந்தால் மின்னலை நம்பியிருப்பீர்களா? அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரை நேரில் பார்த்துக் கேட்க எனக்கு வழியில்லை. அதனால் நாலு பேர் காதில் விழும்படி இங்கே கேட்கிறேன்.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டி. தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டம். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று கண்மூடிய ஊர். அவருடைய மணிமண்டபத்தையும் பாரத மாதா நினைவாலயத்தையும் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போவது, ஒகேனக்கல்லுக்குச் சவாரி, கல்யாணம், காதுகுத்து, பாலக்கோட்டுச் சந்தைக்காரர்கள், ராத்திரியில் வலி எடுத்தவர்களை பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, அங்கே முடியாது என்றால் தருமபுரி மெடிக்கல் காலேஜுக்குத் திருப்புவது. எங்கள் மஞ்சள் போர்டு வண்டி ஓடிய ஓட்டம் இவ்வளவுதான். எத்தனை பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறிப்போன தாய்மார்களுக்குப் பிறந்திருக்கின்றன என்று கேட்டால் ஊரில் பத்துப் பேர் கை தூக்குவார்கள்.

வண்டி என் பேரில் இருக்கிறது. நான் வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். மகளிர் குழுவில் எடுத்த கடனும் என் நகையை அடகு வைத்த காசும் முன்பணமாகப் போயிற்று, மீதி ஃபைனான்ஸ். ரோட்டில் ஓட மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் போதும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் அதைத்தான் கட்டாயம் என்கிறது. எங்களுக்குத் தெரிந்த பல பேர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. வருஷா வருஷம் ஃபுல் இன்சூரன்ஸ் கட்டினோம். ஏஜெண்ட் சொல்வதற்கு முன்னாலேயே பணத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். பள்ளிக்கூடம் திறக்கும் மாசத்தில் ராத்திரியெல்லாம் யூனிபார்ம் தைத்த கூலி அது. இந்த வண்டி போனால் நாங்கள் போனோம் என்று தெரிந்துதான் கட்டினேன்.

சித்திரைக் கடைசியில் எங்கள் பக்கம் வானம் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் கொளுத்தும். சாயங்காலம் மேற்கே காட்டுப் பக்கமிருந்து கருக்கிக்கொண்டு வரும். முதலில் காற்று, மாந்தோப்புகளில் காய் உதிரும், அதற்குப் பின்னால் இடி. அன்றைக்கு அவர் தருமபுரியில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். ஊருக்குள் நுழைய இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது மழை கண்ணை மறைத்தது. சாலையோரம் புளியமரங்கள் இருந்தன. மரத்தடியில் நிறுத்தவில்லை, தள்ளி, வெட்டவெளியில் நிறுத்தினார். கண்ணாடிகளை ஏற்றினார். என்ஜினை அணைத்தார். ஃபோனைச் சார்ஜிலிருந்து எடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடி மழையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்களோ அதையெல்லாம் செய்தார்.

“வெளிச்சமும் சத்தமும் தனித்தனியா வரல, ஒண்ணா வந்துச்சு” என்றார் வீட்டுக்கு வந்ததும். வெள்ளையாக எல்லாம் மறைந்துபோனதாம். காது அடைத்துக்கொண்டது. கருகிய நாற்றம். மீட்டர் போர்டில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு ‘டிக்’ சத்தம்கூட இல்லை. கதவைத் திறக்கப் பயந்து, மழை அடங்கும்வரை அப்படியே இருந்திருக்கிறார். பக்கத்து வயலில் மோட்டார் கொட்டாயில் ஆடுகளோடு ஒதுங்கியிருந்த ஆயா ஒருத்தர்தான் முதலில் ஓடி வந்தது. “உன் வண்டி மேலதான்டா சாமி எறங்குச்சு, நான் கண்ணால பாத்தேன், உனக்கு ஒண்ணும் ஆகலையே” என்று அவர் முகத்தைத் தடவிப் பார்த்திருக்கிறார். அந்த ஆயா சாட்சி சொல்லத் தயாராக இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு தருமபுரி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அங்கே என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கூரையின் பின்பக்கம் இருந்த ஏரியல் உருகிக் கட்டையாகக் குறுகியிருந்தது. அதைச் சுற்றி பெயிண்ட் பொரிந்து கறுத்திருந்தது. நடுவே தகட்டில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. வலதுபக்கப் பின்சக்கரத்தின் ரிம் விளிம்பில் உருகி உறைந்த சிறுசிறு புள்ளிகள். அதே டயரின் பக்கவாட்டில் ஒரு தீய்ந்த துளை. உள்ளே கம்பி தெரிந்தது. வண்டி நின்ற இடத்தில் தார் ரோடு ஒரு சாண் அகலத்துக்குப் பெயர்ந்திருந்ததை அவர் மறுநாளே போய் ஃபோட்டோ எடுத்தார். மெக்கானிக் தம்பி ஸ்கேனரை மாட்டினான். “அக்கா, எந்த யூனிட்டும் பதில் சொல்ல மாட்டேங்குது” என்றான். என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசிஎம் போச்சு. ஏர்பேக் யூனிட் போச்சு. மீட்டர் போர்டு, ஆல்டர்னேட்டர், சென்சார்கள், வயரிங் முழுக்க. எஸ்டிமேட் இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

சர்வேயர் வந்தார். பாலிசி என் பேரில், ஆர்சி என் பேரில், கிளைம் ஃபாரத்தில் கையெழுத்து என்னுடையது. நான் பேச வாயெடுத்தபோது, “நீங்க சும்மா இருங்கம்மா, நான் அண்ணன்கிட்ட கேட்டுக்கிறேன்” என்றார். அண்ணன் சொன்னதையும் அவர் கேட்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே படம் எடுத்தார். குனிந்து அந்த டயரைப் பார்க்கவில்லை. மெக்கானிக் ரிம்மைக் காட்டியபோது, “அது பழைய தேய்மானம்” என்றார். கடைசியாக அவர் சொன்னதுதான் என் நெஞ்சில் இன்னும் எரிகிறது. “ரப்பர் டயர் இருக்கிற காருக்கு மின்னல் வராதும்மா. வந்திருந்தா இவரு உக்காந்து பேசிக்கிட்டா இருப்பாரு?”

படித்தவர். இதையே தொழிலாகச் செய்கிறவர். அவருக்கு இது தெரியாதா?

ஆகாசத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கி வரும் ஒன்றை, நாலு விரல் கனமுள்ள ரப்பர் எப்படித் தடுக்கும்? காருக்குள் இருப்பவரைக் காப்பாற்றுவது டயர் அல்ல. சுற்றியிருக்கும் உலோகக் கூடு. மின்னல் அந்தக் கூட்டின் வெளிப்புறத் தகட்டிலேயே ஓடி, ரிம்முக்கு வந்து, அங்கிருந்து ஈர ரோட்டுக்குத் தாவி மண்ணுக்குள் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் மனுஷன் தப்பிக்கிறான். மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி 1836-ல் லண்டனில் உலோகத்தால் சுற்றிய ஓர் அறையைச் செய்து, அதன் வெளியே மின்சாரத்தைப் பாய்ச்சிவிட்டு, உள்ளே தானே உட்கார்ந்து இதைக் காட்டினார். என் மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவர் பெயர் இருந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் இதைத்தான் சொல்கிறது: இடி மழையின்போது காரில் இருந்தால் இறங்காதீர்கள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருங்கள், உலோகத்தைத் தொடாதீர்கள்.

அரசாங்கம் உள்ளே இரு, பிழைத்துக்கொள்வாய் என்கிறது. அவர் உள்ளே இருந்தார், பிழைத்தார். கம்பெனியோ, பிழைத்தாய் என்றால் மின்னலே இல்லை என்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

மனுஷன் தப்பித்தால் வண்டியும் தப்பித்ததாக அர்த்தமில்லை. சாதாரணமாக ஒரு மின்னலில் பாயும் மின்னோட்டம் 30,000 ஆம்பியர் போல இருக்கும். அது போகும் பாதையில் காற்று சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு சூடாகிறது. ஈசிஎம்முக்கும் சென்சார்களுக்கும் நடுவில் ஓடுவது 5 வோல்ட். வெளித்தகட்டில் அவ்வளவு பெரிய மின்னோட்டம் ஒரு நொடியின் துணுக்கில் ஓடினால், உள்ளே இருக்கும் வயர்களில் அதன் தாக்கம் கிளம்பி, மெல்லிய சில்லுகளைப் பொசுக்கிவிடும். முப்பது வருஷத்துக்கு முந்தைய அம்பாசடர் கார் என்றால் ஒருவேளை தட்டிக்கொட்டி ஓட்டியிருக்கலாம். இன்றைய வண்டி முழுக்கக் கம்ப்யூட்டர். அதை விற்கும்போது பெருமையாகச் சொல்கிறார்கள்.

இப்போது பாலிசிக்கு வருகிறேன். சின்ன எழுத்தில், பக்கம் பக்கமாக, ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாளை நானும் என் மகளும் இரவில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். எந்தெந்த சேதத்துக்குப் பணம் தருவோம் என்று கம்பெனி சொல்லும் பட்டியலின் முதல் வரியிலேயே இருக்கிறது: தீ, வெடிப்பு, தானாகத் தீப்பற்றுதல், மின்னல். அதற்குப் பிறகுதான் திருட்டு, கலவரம், நிலநடுக்கம், வெள்ளம், புயல் எல்லாம். மின்னல் நாங்கள் கெஞ்சிச் சேர்த்தது அல்ல. நாட்டில் எந்த வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாலும் அந்த வரி அப்படியே இருக்கும்.

சில பக்கங்கள் தள்ளி இன்னொரு வரி இருக்கிறது. தேய்மானத்துக்கும், இயந்திரப் பழுதுக்கும், மின்சாதனப் பழுதுக்கும் பணம் கிடையாது. அவர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஈசிஎம் எரிந்தது, வயரிங் எரிந்தது, ஆகவே இது மின்சாதனப் பழுது, ஆகவே கிளைம் தள்ளுபடி. சரி, ஒப்புக்கொள்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஷார்ட் ஆகி எரிந்த வண்டிக்கு வெளியே கூரைத் தகட்டில் ஓட்டை எப்படி வந்தது? ஏரியல் ஏன் உருகியது? பன்னிரண்டு வோல்ட் பேட்டரி டயரின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு போய்த் தார் ரோட்டைப் பெயர்த்ததா? அந்தக் கடிதத்தில் கூரையைப் பற்றி ஒரு வரி இல்லை. டயரைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒர்க்‌ஷாப் எழுதிக்கொடுத்த அறிக்கையைப் பற்றி ஒரு வரி இல்லை. என் வீட்டுக்காரரின் உடம்பில் காயம் இல்லை என்பது மட்டும் இருக்கிறது.

மின்னல் தாக்கினால் மின்சாதனங்கள்தான் எரியும். அதைக் காரணம் காட்டி இல்லை என்று சொல்லலாம் என்றால், மின்னலுக்குப் பணம் தருவோம் என்று முதல் வரியில் அச்சடித்தது எதற்கு? யாருக்காக?

முதல் கடிதம் வருவதற்கு முன்னால் எங்களை அலைக்கழித்ததையும் சொல்ல வேண்டும். அந்த இடத்தில், அந்த நேரத்தில் மின்னல் விழுந்தது என்று வானிலைத் துறையிடம் சான்று வாங்கி வாருங்கள் என்றார்கள். விஏஓவிடம் போனோம். மழை பெய்தது என்று எழுதித் தருகிறேன், மின்னல் விழுந்ததை நான் பார்க்கவில்லையே என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அவர்களாலும் அதற்கு மேல் முடியவில்லை. மழைமானி எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும். எந்த வண்டியின் மேல் எது விழுந்தது என்று அது சொல்லாது. பாப்பாரப்பட்டியில் தையல் தைக்கிற ஒருத்தி, சாலையோரத்தில் ஒரே ஒரு நொடி நடந்ததற்கு எந்த ஆபீசின் முத்திரையை வாங்கி வருவாள்?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்த நொடியைப் பதிவு செய்யும் கருவிகள் இந்த நாட்டில் இருக்கின்றன. புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் மின்னலைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நாடு முழுக்க நட்டு வைத்திருக்கிறது. ‘தாமினி’ என்ற செயலி அதை வைத்துத்தான் ஓடுகிறது. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டரிலும் 40 கிலோமீட்டரிலும் மின்னல் இருக்கிறதா என்று ஃபோனிலேயே காட்டும். பல கோடி ரூபாய் பிரீமியம் வாங்கும் கம்பெனி ஒரு கடிதம் எழுதி அந்த விவரத்தைக் கேட்டால் கிடைக்காதா? அவர்களுக்கு ஆள் இல்லையா, வக்கீல் இல்லையா, கம்ப்யூட்டர் இல்லையா? கேட்கவில்லை. கேட்டால் பணம் கொடுக்க வேண்டி வருமே! அதனால் என்னைப் போய் வாங்கிவரச் சொன்னார்கள்.

தருமபுரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் எங்கள் உறவுக்காரப் பையன் இரண்டு தீர்ப்புகளை எடுத்துப் படித்துக் காட்டினான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. 2007-ல் ஈஷர் தாஸ் மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: பாலிசியில் இருக்கும் விலக்கைக் காட்டிக் கம்பெனி தப்பிக்க நினைத்தால், அந்த விலக்கு பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான். இன்சூரன்ஸ் எடுத்தவர் அல்ல. 2022-ல் குர்மேல் சிங் என்பவரின் லாரி வழக்கு. லாரி திருடுபோய்விட்டது. ஆர்சியின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று கம்பெனி பிடிவாதம் பிடித்தது. திருட்டுப் புகார் பதிவானதால் ஆர்டிஓ ஆபீஸ் நகல் தர மறுத்துவிட்டது. அந்த மனுஷனால் கொண்டுவரவே முடியாத காகிதத்தைக் கேட்டுக் கிளைமை நிறுத்தி வைத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கண்டித்துப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அந்த லாரிக்காரர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. அவர் பட்டது எனக்குத் தெரியும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2024 ஜூனில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாளில் அறிக்கை வாங்க வேண்டும். அது கையில் வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிளைமைத் தள்ளக்கூடாது. எவ்வளவு நல்ல வார்த்தைகள்! ஹைதராபாத்தில் இருக்கும் அந்த ஆணையத்தின் வார்த்தைகள் எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குள் எந்த மேஜையில் உட்கார்ந்துவிடுகின்றன?

இன்னொன்றும் என் மனசை அறுக்கிறது. இவர்கள் எதை ‘ஆதாரம்’ என்று நினைக்கிறார்கள் என்று யோசித்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது. 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் செத்தார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. அந்த வருஷம் இயற்கைச் சீற்றத்தில் செத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 2025 அக்டோபரில் கடலூர் மாவட்டம் வேப்பூர் பக்கம் மக்காச்சோளக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் ஒரே மின்னலில் விழுந்தார்கள். அவர்கள் விஷயத்தில் மின்னல் விழுந்ததா என்று யாரும் சான்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதபடி உடல்கள் கிடந்தன. களத்தில், வயலில், ஆடு மேய்க்கும் கரட்டில், ஒதுங்க ஓர் உலோகக் கூரை இல்லாதவர்கள்தான் அப்படிப் போகிறார்கள். அன்றைக்கு அந்த ஆயா மோட்டார் கொட்டாய்க்குள் போகாமல் வரப்பில் நின்றிருந்தால்? என் வீட்டுக்காரர் புளியமரத்தடியில் இறங்கி நின்றிருந்தால்? எங்களிடம் அசைக்க முடியாத ஆதாரம் இருந்திருக்கும்.

இத்தனை பேர் சாகிறார்கள், 2025 வரைக்கும் மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் மின்னல் ஏறவில்லை. புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிரலையும். இந்தப் பன்னிரண்டும்தான் இருந்தன. மாநிலங்கள் வேண்டுமானால் தங்கள் நிதியில் ஒரு பகுதியை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். வெள்ளம் வந்தால் ஊரே மூழ்கும், டிவியில் வரும், மந்திரி வருவார். மின்னல் ஒரு வீட்டை மட்டும், ஒரு மாட்டை மட்டும், ஒரு வண்டியை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது. தனியாக அடிபட்டவனை எல்லாரும் தனியாகவே விட்டுவிடுகிறார்கள். அரசாங்கம் பார்க்காது என்று தெரிந்துதானே நாங்கள் காசு கொடுத்துக் கம்பெனியிடம் போனோம்?

இன்றைக்கு எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஒர்க்‌ஷாப் ஓரத்தில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. அந்த ஓனர் நல்லவர், நிறுத்துக்கூலி கேட்கவில்லை. ஆனால் எத்தனை காலம் கேட்காமல் இருப்பார்? மாசம் பிறந்தால் ஃபைனான்ஸ் டியூ கேட்டு ஃபோன் வருகிறது. வண்டி ஓடாத நாட்களின் வருமானத்தை எந்தப் பாலிசியும் தராது, அது எனக்குத் தெரியும், அதை நான் கேட்கவில்லை. பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். டயர், பேட்டரி, பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதிதான் கிடைக்கும். அதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். கழித்ததுபோக மீதியைத்தான் கேட்டேன். பதினெட்டு வருஷமாக ஸ்டியரிங் பிடித்தவர் இப்போது இன்னொருவர் டெம்போவில் தினக்கூலிக்குத் தக்காளி ஏற்றிப் போகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது கதவைத் தட்டி, “அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போகணும், வண்டி இருக்குதா?” என்று கேட்டால், இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. நான்தான் போய்ச் சொல்கிறேன்.

அவர் முன்னைப்போல இல்லை. மழை இருட்டினால் வாசலுக்கு வரமாட்டார். ஆனால் அவரை மின்னல் உடைக்கவில்லை. “நான் பொய் சொல்றேன்னு எழுதிட்டாங்களே” என்று ஒரு நாள் சொன்னார். அதுதான் உடைத்தது. வாழ்க்கையில் ஒரு சவாரிக்குக்கூட அதிகம் வாங்காத மனுஷன். வண்டியில் யாரோ விட்டுப்போன தாலிச்சங்கிலியைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தவர். அவரை ஒரு காகிதம் பொய்யன் ஆக்கிவிட்டது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த அறைக்குள் போய்க் கத்தியிருப்பேன். அவர் கத்தமாட்டார். அதனால் அவருக்கும் சேர்த்து நான் கத்துகிறேன்.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். கூரை, ரிம், டயர், ரோடு, நான்கின் படங்களையும் வைத்தேன். ஆயாவின் வாக்குமூலத்தை அவர் கைநாட்டோடு வைத்தேன். ஒரு மாசம் பொறுத்தேன். அதே கடிதம், தேதி மட்டும் மாற்றி வந்தது. இப்போது சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு போட்டுவிட்டேன். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் யாரும் போடலாம். அங்கேயும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வாடகை வண்டி வியாபாரம் அல்லவா, நீ எப்படி நுகர்வோர் ஆவாய் என்று அங்கே கேட்பார்கள் என்று பயமுறுத்தினார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியதென்றால் அவரும் நுகர்வோர்தான் என்று 2019-ம் வருஷத்துச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதையும் படித்துவிட்டேன்.

என்னைப் போல வண்டி வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படி ஒன்று உங்களுக்கு நடந்தால், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் கூரையைப் படமெடுங்கள், ரிம்மையும் டயரையும் படமெடுங்கள், வண்டி நின்ற தரையைப் படமெடுங்கள், பார்த்தவர்களின் பேரை எழுதி வாங்குங்கள். எரிந்த பாகத்தை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சில் இல்லை என்றால் நம்பாதீர்கள், எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

கம்பெனிக்காரர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். ஆள் அனுப்புங்கள். குனிந்து பார்க்கத் தெரிந்த ஆளை அனுப்புங்கள். தார்ப்பாயை விலக்கி அந்தக் கூரையில் இருக்கும் ஓட்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புனேவுக்கு ஒரு கடிதம் எழுதி அன்றைய சாயங்காலத்துப் பதிவைக் கேளுங்கள். என் வீட்டுக்காரர் பொய் சொன்னார் என்ற அந்த வரியை அடித்துவிட்டு, என் பேருக்கு, பாலிசி எடுத்தவளின் பேருக்கு, சேர வேண்டிய பணத்தைக் கொடுங்கள்.